தேர்வறை இருக்கட்டும், கேள்வித்தாள் மாறட்டும்

2024 ஜூலை 1 முதல் 302 கொலைக் குற்றத்துக்கான பிரிவு இல்லை. 420 ஏமாற்று வேலைக்கான பிரிவு இல்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103ஆம் பிரிவு, ஏமாற்றுக்கு 318. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், இதே ஜூலை 1ஆம் தேதி வந்த ஜிஎஸ்டி, மதிப்புக் கூட்டு வரி, சேவை வரி, மத்திய கலால் வரி என்று பி.காம். மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவற்றில் பெரும்பகுதியை ஒரே இரவில் பழங்கதையாக்கியது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்க 2025இல் நிறைவேறிய சட்டம் 2026 ஏப்ரல் 1ஐத் தன் தொடக்க நாளாக வைத்துக்கொண்டிருக்கிறது.

எண்கள்தான் மாறின. குற்ற நோக்கம் என்றால் என்ன, ஒரு வரியின் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது போன்ற கேள்விகள் மாறவில்லை. அவற்றைப் புரிந்துகொண்டு படித்த வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்த ஓர் அட்டவணையே பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கும். பிரிவு எண்களையும் வரையறைகளையும் மட்டும் உருப்போட்டுப் பட்டம் வாங்கியவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இருவரும் ஒரே தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்கலாம். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பல்கலைக்கழகத் தேர்வை மாற்ற வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், தமிழ்நாட்டில் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் மத்தியிலும் ஒரே பதில்தான் வரும்: 'இருக்கிற கட்டுப்பாட்டையும் குலைத்துவிடாதீர்கள். மூன்று மணி நேரம், மூடிய புத்தகம், முகம் தெரியாத திருத்துநர். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. திறந்த புத்தகம், செயல்திட்டம், கலந்துரையாடல் எல்லாம் தரத்தை நீர்க்கச் செய்யும் வேலை. வாழ்நாள் கற்றலா? அதற்கு ஆன்லைன் படிப்புகள் இருக்கின்றனவே!'

இந்தப் பதிலைச் சொல்பவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. விடைத்தாளின் முகப்பைக் கிழித்து டம்மி எண் போட்டு, வேறு ஊர் ஆசிரியர் கையில் கொடுக்கும் முறை வந்ததற்குப் பின்னால் கசப்பான அனுபவங்கள் இருக்கின்றன. இன்டர்னல் மதிப்பெண்ணை வைத்து மாணவரை மிரட்டுவது, பெயரையும் ஊரையும் பார்த்துச் சாதியை மோப்பம் பிடிப்பது, எதிர்த்துக் கேள்வி கேட்டவரைப் பழிவாங்குவது எல்லாம் கல்லூரி வாசலைத் தாண்டிய யாருக்கும் தெரிந்த கதைகள். சீர்திருத்தம் என்ற சொல்லும் இங்கே நல்ல பெயர் வாங்கியதில்லை. 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் தேர்வு எழுதாமலே தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. சலுகையையும் சீர்திருத்தத்தையும் ஒன்றாகப் பார்த்துப் பழகிய சமூகம் சந்தேகப்படத்தான் செய்யும்.

அச்சம் சரி. அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் தவறு. முகம் தெரியாத திருத்துநர் வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. மாணவர் மனப்பாடமாக எழுத வேண்டும் என்பது வேறொரு கோரிக்கை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டு, ஒன்றைத் தொட்டால் மற்றது விழுந்துவிடும் என்று வாதிடுவதுதான் இத்தனை காலமாக நடக்கிறது.

முதலில் அந்த நியாயத்தையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல், மே தேர்வுகளுக்குப் பிறகு மறுமதிப்பீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 3 லட்சம். மறுபடி திருத்தியதில் 73,000க்கும் மேற்பட்ட தாள்கள் தேர்ச்சிக்கு மாறின. மதிப்பெண் போட லஞ்சம் கைமாறியது என்ற புகாரில் லஞ்ச ஒழிப்புத் துறை 2018இல் வழக்குப் பதிந்தது. வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். அதே தாள், அதே விடைக்குறிப்பு, வேறு கை என்றவுடன் பல்லாயிரம் முடிவுகள் தலைகீழாகும் என்றால் அந்த முறையைத் துல்லியமான தராசு என்று கொண்டாட முடியாது. டம்மி எண் ஒரு வகைப் பாரபட்சத்தைத் தடுக்கிறது. அவ்வளவுதான் அதனால் முடியும். ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு வைத்து ஓடும் திருத்தும் முகாமின் களைப்பையும் அவசரத்தையும் அது தடுக்காது.

அடுத்து, இந்தத் தேர்வு எதை அளக்கிறது? பொறியியல் கல்லூரி மாணவருக்கு அமைப்பு கண்ணை மூடினாலும் தெரியும்: பார்ட் ஏ-வில் 2 மதிப்பெண் கேள்விகள் 10, பார்ட் பி-யில் 13 மதிப்பெண் கேள்விகள் 5, ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' உண்டு, பார்ட் சி-யில் 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. ஐந்து யூனிட்டுக்கும் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடும். இந்த அமைப்பைச் சுற்றி ஒரு சந்தையே வளர்ந்திருக்கிறது. கல்லூரி வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடையில் 'டூ மார்க் வித் ஆன்சர்', 'யூனிட் வைஸ் இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' என்று ஸ்பைரல் போட்டுத் தொங்கும். நூலகத்தில் நல்ல பாடநூல் தூசி படிந்திருக்க, லோக்கல் ஆதர் புத்தகம் கைமாறிக் கைமாறி நைந்து போகும். அந்தக் கடைக்காரரும் நூலாசிரியரும் கேள்வித்தாளைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். எதற்கு மதிப்பெண் கிடைக்குமோ அதை விற்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சுற்றுச்சூழல் பொறியியல் தாளில் வழக்கமாக வரக்கூடிய 2 மதிப்பெண் கேள்வி: பி.ஓ.டி. என்றால் என்ன? கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது செலவாகும் ஆக்சிஜனின் அளவு என்று இரண்டு வரி எழுதினால் முழு மதிப்பெண். சி.ஓ.டி. என்றால் என்ன என்பதற்கும் அப்படியே இரண்டு வரி. இப்போது அதே மாணவரிடம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் ஐந்து நாள் ஆய்வக அளவீடுகளைக் கொடுத்து, எந்த நாளின் அளவீட்டை நம்ப மாட்டீர்கள், ஏன் என்று கேட்டுப் பார்க்கலாம். நான்கு நாட்களில் சி.ஓ.டி. அதிகம், பி.ஓ.டி. குறைவு. மூன்றாவது நாளில் மட்டும் பி.ஓ.டி. 320, சி.ஓ.டி. 280. நுண்ணுயிர்களால் தின்ன முடிந்ததை மட்டுமே பி.ஓ.டி. காட்டும். பொட்டாசியம் டைகுரோமேட் ஏறக்குறைய எல்லாக் கரிமப் பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும் என்பதால் சி.ஓ.டி. அதைவிடக் குறைய வழியில்லை. மூன்றாவது நாள் ஆய்வகத்தில் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், வரையறை அதிலேயே இருக்கும். ஆனாலும் விடை அதில் கிடைக்காது. இரண்டு வரையறைகளையும் உருப்போட்டவர் அட்டவணையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அவற்றுக்கிடையிலான உறவைப் புரிந்தவர் இரண்டு நிமிடத்தில் விரல் வைப்பார். கல்லூரியை விட்டுப் போன பத்தாவது வருடம், ஏதோ ஒரு சாயப்பட்டறையின் அறிக்கை மேசைக்கு வரும்போது தேவைப்படப்போவது இந்தத் திறன்தான். இதையும் அதே தேர்வறையில், அதே டம்மி எண்ணோடு, அதே மூன்று மணி நேரத்தில் நடத்தலாம். கண்காணிப்பாளர் ஒருவரைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

இப்போதைய முறை காலங்காலமாக வந்த தரம் என்பதும் பாதி உண்மைதான். சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டவை. கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது ஆகியவைதான் அன்று அவற்றின் வேலை; வகுப்பு நடத்துவது அல்ல. நிர்வாக வசதிக்காகப் பிறந்த இந்த ஏற்பாட்டை இந்தியக் கல்வியாளர்கள் ஒருபோதும் மனதார ஏற்றுக்கொண்டதில்லை. உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகத்தான் இருக்கும் என்று ராதாகிருஷ்ணன் ஆணையம் 1949இலேயே எழுதிவிட்டது. கோத்தாரி ஆணையம் 1966இல் அதே குறையைச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு 1973இல் தேர்வுச் சீர்திருத்தத்துக்கு ஒரு செயல்திட்டமே வெளியிட்டது.

நடந்தது என்ன? 1956இல் கற்றலின் படிநிலைகளை வகைப்படுத்திய பெஞ்சமின் புளூம் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவுக்கே வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிக் கேள்வித்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2 என்று அவருடைய படிநிலைகள் அச்சாகின்றன. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருகிறது, என்பிஏ வருகிறது என்றால் ஆசிரியர்கள் ராத்திரி பகலாக எக்செல் தாள்களை நிரப்புகிறார்கள். கேள்வி மட்டும் பழைய கேள்விதான். 'விளக்குக' என்பதை 'பகுத்தாய்க' என்று மாற்றி கே4 போட்டாலும், ஜெராக்ஸ் கடை நோட்டில் உள்ள அதே மூன்று பக்க விடைக்கு அதே 13 மதிப்பெண் விழுகிறது. நவீனமயத்தின் பெயரால் இங்கே வளர்ந்தது கோப்புதான்.

தரம் நீர்த்துப் போகும் என்ற வாதத்துக்கு வருவோம். இந்தியாவில் கடினமான தேர்வு எது என்று கேட்டால் பலரும் சி.ஏ. என்பார்கள். இறுதித் தேர்வின் இரண்டு குரூப்பையும் ஒரே அமர்வில் எழுதித் தேறுவோர் அண்மை ஆண்டுகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த சி.ஏ. இறுதித் தேர்வில் 2018இல் வந்த பாடத்திட்டத்திலேயே ஆறாவது தாள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தாள்தான். 2024 முதல் அதன் இடத்தில் பல பாடங்களையும் இணைத்துத் தீர்வு கேட்கும் தாள் வந்திருக்கிறது, அதற்கும் புத்தகம் கொண்டு போகலாம். பட்டயக் கணக்காளர் தொழில் மலிவாகிவிட்டது என்று யாரும் புலம்பக் காணோம். வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்களுக்கு 2011 முதல் பார் கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வும் புத்தகங்களை அனுமதித்தே தொடங்கியது. இன்றும் குறிப்புரை இல்லாத சட்டப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். தொழிலுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பே சட்டப் புத்தகத்தை அனுமதிக்கிறது. தொழிலுக்குத் தயார் செய்யும் கல்லூரி அதே புத்தகத்தைப் பார்த்தால் பிட் என்கிறது.

மருத்துவக் கல்வி காட்டும் வழி இன்னும் தெளிவானது. நோயாளியின் படுக்கையருகே ஒரே தேர்வாளர் தன் மனம்போனபடி கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் பழைய செய்முறைத் தேர்வில் அதிர்ஷ்டமும் முகஸ்துதியும் விளையாடின. ஸ்காட்லாந்தின் டண்டீயில் பணியாற்றிய ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஒரு மாற்றை வெளியிட்டார். மாணவர் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு மணி அடித்தவுடன் நகர்வார். ஓரிடத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், இன்னோரிடத்தில் நோயாளியிடம் விவரம் கேட்க வேண்டும், வேறோரிடத்தில் எக்ஸ்-ரேயைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் வேறு தேர்வாளர், எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே சரிபார்ப்புப் பட்டியல். ஆஸ்கி என்ற பெயரில் இன்று உலகம் முழுவதும் இது நடக்கிறது. எழுத்துத் தேர்வு பார்க்காத கைத்திறனை இது பார்க்கிறது, தனி ஒரு தேர்வாளரின் பாரபட்சத்தையும் குறைக்கிறது. செய்து காட்டச் சொல்வதும் நியாயமும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதற்கு இந்த அரை நூற்றாண்டு அனுபவமே பதில்.

ஏழைப் பிள்ளைகளின் பெயரால் வரும் வாதம்தான் இருப்பதில் வலுவானது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து ஆங்கில வழிக் கல்லூரிக்குள் நுழையும் முதல் தலைமுறை மாணவருக்கு மனப்பாடம் ஒரு கவசம். புரியாத மொழியில் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதுவதைவிட, நோட்டில் உள்ளதை வரி பிசகாமல் ஒப்பிப்பது எளிது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கவசம் தேர்வறை வாசலோடு கழன்று விழுந்துவிடுகிறது. நேர்முகத் தேர்வில், வேலையில், புதிய சட்டம் வரும்போது அது கூட வருவதில்லை. வீட்டில் புத்தகமும் ஆங்கிலமும் உள்ள பிள்ளை கல்லூரி கற்றுத்தராததை வெளியே எப்படியாவது பிடித்துக்கொள்ளும். எதுவும் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரி ஒன்றுதான் வழி; அந்த மூன்று நான்கு ஆண்டுகளையும் ஒப்பிப்பதில் கழிக்கவைப்பது அதற்குச் செய்யும் உதவி ஆகாது. மாற்றத்தால் யாருக்கு அதிக நன்மை என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. ஸ்காட் ஃப்ரீமனும் சக ஆய்வாளர்களும் 2014இல் அமெரிக்காவில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை நடந்த அறிவியல், பொறியியல் வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர்கள் விவாதித்தும் கணக்குப் போட்டும் கற்ற வகுப்புகளில் 21.8. 2020இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னும் முக்கியமானது. வசதி குறைந்த, ஒதுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி இத்தகைய வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. மொழிச் சிக்கலுக்கு மருந்து வேறு: கலை, அறிவியல் கல்லூரிகளில் பரவலாக உள்ளதுபோல் தமிழில் விடை எழுத எல்லா இடத்திலும் அனுமதிப்பது, அட்டவணை, வரைபடம், கணக்கு வழியாகக் கேட்பது. பி.ஓ.டி. அட்டவணையில் தவறான நாளைச் சுட்டிக்காட்ட ஆங்கிலப் புலமை தேவையில்லை.

அப்படியானால் நினைவாற்றலுக்கு இடமே இல்லையா என்று பழைய ஆசிரியர்கள் கேட்பார்கள். தாராளமாக உண்டு. தலையில் எதுவும் இல்லாமல் யோசிக்க முடியாது. ஆனால் நினைவு தங்குவதற்கும் இப்போதைய முறை உதவவில்லை என்பதே வேடிக்கை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் (செயின்ட் லூயிஸ்) ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை இது: ஒரு குழு பாடப்பகுதியை இரண்டு முறை படித்தது, இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள், 81க்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. இருமுறை படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. முந்தைய இரவு கண்விழித்துத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் போகும் மாணவரும் அந்த இருமுறை படித்த குழுவைப் போலத்தான்: மறுநாள் காலை தேர்வில் ஜெயிப்பார், மறு வாரம் மறந்திருப்பார். வாரா வாரம், மதிப்பெண் பயமில்லாத சிறு தேர்வுகள் வைத்திருந்தால் அதே உழைப்பு மனதில் தங்கியிருக்கும். ஆக, நினைவாற்றலை மதிப்பவர்களே செமஸ்டர் கடைசியில் வரும் ஒற்றைப் பெருந்தேர்வை முதலில் எதிர்த்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் செய்யாமல் விடுகிற இன்னொரு வேலை, எழுதியதைத் திருப்பிக் கொடுப்பது. இறுதித் தேர்வு விடைத்தாள் மாணவர் கையை விட்டுப் போனால் போனதுதான். எங்கே தடுக்கி விழுந்தோம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை; இணையத்தில் ஒரு எண் வரும், அல்லது மறுபடி எழுது என்பதற்கான 'ஆர்ஏ' வரும். நகல் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும், அதுவும் மறுமதிப்பீட்டுக்கு முன்படியாகத்தான். திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தேர்வரின் உரிமை என்பதையே உச்ச நீதிமன்றம் 2011இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த இடத்தில் நேர்மாறாக நடந்தது. வேலைக்குப் போகிறவர்களும் குடும்பத்தைப் பார்ப்பவர்களும் தபாலில் அனுப்பும் கட்டுரைகளைத் திருத்துவதையே அது கற்பித்தலாகக் கருதியது. எங்கே வாதம் தளர்ந்தது, அடுத்த கட்டுரையில் என்ன செய்யலாம் என்று ஓரத்தில் எழுதி அனுப்புவது அங்கே ஆசிரியரின் தலையாய பணி. ஆஸ்திரேலியக் கல்வியாளர் டேவிட் பவுட் 2000ஆம் ஆண்டில் இதை ஒரு படி மேலே கொண்டு போனார்: பட்டம் பெற்ற பின் திருத்திக் கொடுக்க ஆசிரியர் இருக்கப்போவதில்லை, ஆகவே தன் வேலையின் தரத்தைத் தானே மதிப்பிடும் பழக்கத்தை மதிப்பீட்டு முறையே வளர்க்க வேண்டும் என்றார்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உள்தேர்வு முடிந்த அன்றே விடைக்குறிப்பையும், நல்ல விடை ஒன்று, சுமாரான விடை ஒன்று என இரண்டு மாதிரிகளையும் வகுப்பில் கொடுத்துவிடலாம். ஆசிரியர் திருத்துவதற்கு முன் மாணவர் தன் தாளுக்குத் தானே மதிப்பெண் போட்டுக் காரணமும் எழுத வேண்டும். ஆசிரியர் போட்டதற்கும் மாணவர் போட்டதற்கும் எங்கே பெரிய வித்தியாசம் வருகிறதோ அங்கே மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும். இன்டர்னல் மதிப்பெண்ணில் நடக்கும் தில்லுமுல்லுக்கும் இதில் ஒரு கடிவாளம் இருக்கிறது: விடைக்குறிப்பு இரு தரப்பிடமும் இருந்தால் ஆசிரியர் நினைத்தபடி எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் மூடிய புத்தகக் கட்சிக்குப் புதுத் தெம்பு கிடைத்திருக்கிறது. 'பார்த்தீர்களா, அசைன்மென்டை இயந்திரம் எழுதுகிறது. பழைய தேர்வுதான் பாதுகாப்பு' என்கிறார்கள். வீட்டில் எழுதிவரும் கட்டுரையை மட்டும் நம்பி மதிப்பெண் போடும் காலம் முடிந்துவிட்டது, அதில் சண்டையில்லை. ஆனால் அதைக் கொன்றது சாட்ஜிபிடி அல்ல. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவதும், புராஜெக்டை மொத்தமாகக் கடையில் வாங்கி அட்டை போட்டுச் சமர்ப்பிப்பதும் இங்கே எத்தனையோ வருடப் பழக்கம். அதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது திடீரென்று நேர்மைக் காவலர் ஆவதில் பொருளில்லை. மேலும், இரண்டு வரி வரையறையும் மூன்று பக்க விளக்கமும்தான் இயந்திரம் கண்மூடித் திறப்பதற்குள் எழுதித் தள்ளுபவை. அவற்றைக் கண்காணிப்போடு கையால் எழுதவைப்பதால் அவற்றின் மதிப்பு உயர்ந்துவிடாது. தேர்வறை வேண்டும், அங்கே யோசிக்கவைக்கும் கேள்வி வேண்டும். புராஜெக்ட் செய்தவரிடம் அவர் எழுதிய நிரலிலிருந்து ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் பத்து நிமிட வைவாவும் வேண்டும்.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பட்டப்படிப்பை அப்படியே விட்டுவிட்டு, மேலே சான்றிதழ்களை அடுக்கினால் வாழ்நாள் கற்றல் வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் 2017இல் வந்தது. தமிழ்நாட்டின் 'நான் முதல்வன்' திட்டம் 2022இல் வந்து கல்லூரிகளுக்குள் திறன் படிப்புகளைக் கொண்டு சேர்த்தது. இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாடம் கையருகே இருப்பதாலேயே யாரும் கற்பவராகிவிடுவதில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். தானாகத் திட்டமிட்டு, தன் தவறைத் தானே கண்டுபிடித்து, சலிப்பைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்குத்தான் அந்தப் படிப்புகள் பயன்படுகின்றன. அந்தப் பழக்கத்தைக் கொடுக்க வேண்டியது பட்டப்படிப்பு.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையப் பட்டப்படிப்பு இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டுகிறது. ஜேஇஇ தேவையில்லை, வயது வரம்பில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, பயிற்சிகளைச் செய்து, அதே பாடத்தில் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று எந்தக் கட்டத்திலும் வெளியேறலாம். வாராந்திரப் பயிற்சிகள் இணையத்தில். முக்கியத் தேர்வுகளோ நேரில், மையங்களில், கண்காணிப்போடு. வேலையில் இருப்பவருக்குக் கதவைத் திறந்துவிட்டதால் அங்கே கண்டிப்பு குறைந்துவிடவில்லை. குறை இல்லாத ஏற்பாடு இது என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்த கதவும் கறாரான தேர்வும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

கடைசியாக வருவது எண்ணிக்கை வாதம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் 47 சதவீதம் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள். இந்திய சராசரி 28.4. இத்தனை பேருக்கு யார் யோசித்துக் கேள்வி எடுப்பது, யார் திருத்துவது? அரசுக் கல்லூரிகள் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் ஓடுகின்றன. அவர்கள் மீது இன்னொரு சுமையை ஏற்றுவது அநியாயம். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் எந்தச் சீர்திருத்தமும் ஓடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இப்போதைய முறையும் இலவசமாக நடக்கவில்லை. செமஸ்டருக்கு ஆறேழு தாள், அரியர்காரர்களுக்குத் தனித் தாள், திருத்தும் முகாம், நகல், மறுமதிப்பீடு, மறுபடியும் தேர்வு என்று ஆசிரியரின் வாரங்கள் கரைகின்றன. தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலே மிச்சமாகும் நேரம் கணிசமானது. பல்கலைக்கழகம் முழுமைக்கும் தரவு அட்டவணைக் கேள்விகளின் வங்கி ஒன்றை உருவாக்கினால், ஒவ்வொரு ஆசிரியரும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் கூடித் தீர்மானித்தால் பார்ட் ஏ-வின் 20 மதிப்பெண்ணை மட்டும் அடுத்த செமஸ்டரிலேயே இப்படி மாற்றிப் பார்க்கலாம். சட்டத் திருத்தமோ தனி நிதி ஒதுக்கீடோ அதற்குத் தேவைப்படாது.

பழைய முறைதான் தரத்தைக் காக்கிறது என்பவர்கள் அதை நிரூபிக்கவும் எளிய வழி இருக்கிறது. ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் தன் இறுதியாண்டு மாணவர்களில் சில நூறு பேரைக் குலுக்கல் முறையில் எடுக்கட்டும். அவர்கள் மூன்றாவது செமஸ்டரில் எழுதி, முதல் வகுப்பில் தேறிய தாளுக்கு இணையான ஒன்றை முன்னறிவிப்பு இல்லாமல் எழுதவைக்கட்டும்; மதிப்பெண் பட்டியலில் ஏறாது என்ற உறுதியோடு. இன்னொரு நூறு பேரிடம் புத்தகத்தைக் கையில் கொடுத்து, அதே பாடத்திலிருந்து அவர்கள் இதுவரை பார்க்காத ஒரு சிக்கலைக் கொடுக்கட்டும். இரண்டு முடிவுகளையும் துறைவாரியாக வெளியிடட்டும். எண்கள் நன்றாக வந்தால் மூடிய புத்தகக் கட்சி தாராளமாக மார்தட்டிக்கொள்ளலாம். 1857 முதல் தேர்வு நடத்திவரும் பல்கலைக்கழகத்தைக் கொண்ட மாநிலத்தில் இப்படி ஒரு சோதனையை நடத்த வேண்டிய பொறுப்பு, மாற்றம் கேட்பவர்களைவிட மாற்றம் வேண்டாம் என்பவர்களுக்கே அதிகம்.